குடல் அழற்சி நோய் உள்ள பிள்ளைகளுக்கு யோகா: வகுப்பில் எதை எடுப்பது, எதை விடுவது?

பாய்விரிப்பு (மார்த்தாண்டம்) கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் 5.30 முதல் 6.30 வரை யோகா வகுப்பு எடுக்கிறேன். இந்தப் பருவத்தில் குடல் அழற்சி நோய் உள்ள ரெண்டு பேர் சேர்ந்திருக்கிறார்கள். ஒருத்தி பத்தாம் வகுப்பு, அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (பெருங்குடலில் அழற்சியும் புண்ணும் வரும் நோய்). மெசலமைன் என்ற குடல் அழற்சி மருந்தோடு பிரட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டும் சாப்பிடுகிறாள், அளவைப் படிப்படியாகக் குறைத்து வருகிறார்கள். இன்னொருவன் பிளஸ் ஒன், க்ரோன்ஸ் நோய் (குடலில் எந்தப் பகுதியிலும் அழற்சி வரக்கூடியது). அசாதயோப்ரின் மாத்திரை, அதோடு 8 வாரத்துக்கு ஒருமுறை திருவனந்தபுரத்தில் இன்ஃப்ளிக்ஸிமாப் ஊசி மருந்து ஏற்றுகிறார்கள். ரெண்டுமே எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்துகள். அவனுக்குச் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் சுருக்கம் இருப்பதாக ஸ்கேன் ரிப்போர்ட்டில் இருக்கிறது.

ரெண்டு பேரின் டாக்டரும் "யோகா செய்யலாம், வயிற்றை ரொம்ப அழுத்த வேண்டாம்" என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ஒரு மணி நேர வகுப்பை எப்படி அமைப்பது என்பதுதான் கேள்வி.

குறிப்பாக: கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேக மூச்சுப் பயிற்சிகள் எடுக்கலாமா? நோய் கிளம்பும் வாரத்தில் வகுப்பை நிறுத்த வேண்டுமா, மாற்ற வேண்டுமா? ஸ்டீராய்டு சாப்பிடும் பிள்ளைக்கு எதில் கவனம் வேண்டும்? பலன் இருக்கிறதா என்று எதை வைத்துப் பார்ப்பது? அந்தப் பெண்ணின் அம்மா "ஆறு மாசம் ஒழுங்கா பண்ணினா மாத்திரையை விட்டுரலாம் இல்லியா?" என்று கேட்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

---

சிஸ்டர்_நாகர்கோவில்:

டீச்சர், கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். மாத்திரையை விட முடியாது. இதை அந்த அம்மாவிடம் இன்றைக்கே, பதமாக, ஆனால் ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்லிவிடுங்கள். மற்ற மருந்துகளைவிட பிரட்னிசொலோன் விஷயம் கூடுதல் ஆபத்து. சில வாரம் சாப்பிட்டாலே உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டைக் குறைத்துவிடும். அந்த நிலையில் சட்டென்று நிறுத்தினால் மயக்கம், வாந்தி, ரத்த அழுத்தம் இறங்குவது வரை போகும். டாக்டர் எழுதிக் கொடுத்த கணக்குப்படிதான் குறைக்க வேண்டும்.

யோகா குடலில் உள்ள புண்ணை ஆற்றும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. நோயோடு வரும் மற்ற பாரங்களில் அது உதவும்: பதற்றம், தூக்கமின்மை, வலியைப் பற்றிய பயம், மூட்டு இறுக்கம், சோர்வு. ஜெர்மனியில் நோய் அடங்கிய நிலையில் இருந்த 77 கொலைட்டிஸ் நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்து 2017இல் வெளியானது. வாரம் ஒருமுறை 90 நிமிடம், 12 வாரம். யோகா செய்த குழுவின் வாழ்க்கைத் தரம் நன்றாகவே கூடியிருந்தது. அவர்கள் பெரியவர்கள். வளரிளம் பிள்ளைகளை மட்டும் வைத்து அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் செய்தது மிகச் சிறியது, 9 பேர், 12 வாரம். பிள்ளைகள் மன இறுக்கம் குறைந்ததாகச் சொன்னார்கள். அழற்சி அளவுகளில் பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை. அந்த அம்மாவுக்கு இதையே சொல்லலாம்: "மருந்து குடலைப் பார்த்துக்கும், யோகா பிள்ளையைப் பார்த்துக்கும்."

இனி வகுப்பு. பிள்ளை உள்ளே நுழையும்போது மூன்று விஷயம் கேளுங்கள், தனியாக, மெதுவாக. ராத்திரி தூக்கத்திலிருந்து எழுந்து வெளிக்குப் போனியா? ரத்தம் கண்டதா? காய்ச்சல் உண்டா? மூன்றுக்கும் இல்லை என்றால் வழக்கமான வகுப்பு. ராத்திரி எழுந்ததோ கொஞ்சம் ரத்தமோ இருந்தால் படுத்துச் செய்யும் வகுப்பு மட்டும், வீட்டுக்கும் தகவல் சொல்லுங்கள். காய்ச்சலோடு வயிற்று வலி, அல்லது ரத்தம் கூடுதலாகப் போகிறது என்றால் அன்று பாயே விரிக்க வேண்டாம், நேராக டாக்டர்.

டாக்டர்கள் பிள்ளைகளின் கொலைட்டிஸுக்கு 0 முதல் 85 வரை மதிப்பெண் போடுவார்கள். வயிற்று வலி, ரத்தம், மலத்தின் பதம், எத்தனை முறை, ராத்திரி எழுவது, அன்றாட வேலையில் எவ்வளவு தடை என்ற ஆறையும் கூட்டிப் போடுவது. 10க்குக் கீழே இருந்தால் நோய் அடங்கியிருக்கிறது என்று அர்த்தம், 65ம் அதற்கு மேலும் கடுமை. அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது அந்த எண்ணைக் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். "பரவாயில்லை" என்ற சொல்லைவிட அது உங்களுக்கு உபயோகப்படும்.

இன்னொன்று. பிள்ளைகளின் ஊர், பள்ளி, பெயர் எதையும் இங்கே எழுத வேண்டாம். நம்ம குமரி மாவட்டம் சின்னது, ரெண்டு அடையாளம் சொன்னாலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். வகுப்பில் மற்ற பிள்ளைகளுக்கும் நோயின் பெயர் தெரிய வேண்டியதில்லை.

---

வடசேரி_யோகசிகிச்சை:

கபாலபாதி, பஸ்திரிகா, அக்னிசாரம், நௌலி, உட்டியாண பந்தம் இந்த ஐந்தும் இரண்டு பிள்ளைகளுக்குமே வேண்டாம். வயிற்றுத் தசையை உதறி உதறிச் செய்கிறவை, இல்லையென்றால் உள்ளே இழுத்துப் பிடிக்கிறவை. அழற்சி உள்ள குடலுக்கு மேலே அந்த உதறல் வலியைத்தான் கிளப்பும். பையனுக்குச் சுருக்கம் வேறு இருக்கிறது. மடங்கிய ஓஸ் பைப்பில் தண்ணீர் தேங்குவது மாதிரி அந்த இடத்துக்கு முன்னால் உணவும் காற்றும் தேங்கும், அதன்மேல் அழுத்தம் கொடுத்தால் கொளுத்திப் பிடிக்கும். சங்கப்பிரக்ஷாளனத்தை நினைத்தே பார்க்க வேண்டாம். லிட்டர் கணக்கில் உப்புத் தண்ணீரைக் குடித்துக் குடலைக் கழுவுவது நல்ல உடம்புக்காரனுக்கே பாடுதான். ஏற்கெனவே வயிற்றுப்போக்கில் உப்பும் பொட்டாசியமும் இழக்கிற பிள்ளைக்கு அது கேடு. தண்ணீர் குடித்து வாந்தி எடுக்கும் வமன தௌதியும் அப்படியே.

மயூராசனம், தனுராசனம், சலபாசனம், முழு பஸ்சிமோத்தானாசனம், ஆழமான அர்த்த மத்ஸ்யேந்திராசனம் ஆகியவையும் பையனுக்குக் கிடையாது. பவனமுக்தாசனத்தில் இரண்டு முழங்காலையும் நெஞ்சோடு அழுத்திப் பிடிப்பதற்குப் பதிலாக ஒரு காலை மட்டும், கையால் இழுக்காமல், தொடை வயிற்றைத் தொடும் முன்னே நிறுத்தட்டும்.

நோய் கிளம்பும் வாரத்தில் வகுப்பை நிறுத்த வேண்டாம், மாற்றுங்கள். அந்த வாரம்தான் பிள்ளைக்கு அது அதிகம் தேவை. சிஸ்டர் சொன்ன ஆபத்து அறிகுறிகள் இல்லாத வரைக்கும் இப்படி:

மல்லாந்து படுத்து, பிட்டத்தைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்து, கெண்டைக்கால் இரண்டையும் ஒரு நாற்காலி இருக்கையின் மேல் போடச் சொல்லுங்கள். முழங்கால் 90 பாகையில் மடங்கியிருக்கும், அடிவயிறு தளரும். துவர்த்து (துண்டு) ஒன்றை நான்காக மடித்துத் தலைக்கு. வலது கை தொப்புளுக்கு மேலே, இடது கை நெஞ்சில். மூக்கால் 4 எண்ணும் வரை மூச்சு உள்ளே, 6 எண்ணும் வரை வெளியே, நிறுத்திப் பிடிப்பது கிடையாது. நிமிடத்துக்கு 6 மூச்சு வரும். முதல் நாள் 3 நிமிடம் போதும், பிறகு 10 நிமிடம் வரை கூட்டலாம். 6 எண்ணும்போது பிள்ளை தோளைத் தூக்கினாலோ கொட்டாவி விட்டாலோ 3 உள்ளே, 4 வெளியே என்று குறைத்துவிடுங்கள். இங்கே பெரும்பாலும் பிழையாகும் இடம் ஒன்று உண்டு. "வயித்தை உப்பு, வயித்தை உப்பு" என்று ஆசிரியர் சொல்லச் சொல்ல, பிள்ளை தசையால் வயிற்றை வெளியே தள்ளும். கையைக் கனமில்லாமல் வைத்துக் கொண்டு "கை தானா உயருதா பாரு" என்று மட்டும் சொன்னால் போதும்.

பிறகு இடதுபுறம் ஒருக்களித்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணை, 5 நிமிடம். பிறகு சுப்த பத்த கோணாசனம் (மல்லாந்து படுத்து, பாதங்களைச் சேர்த்து முழங்கால்களை விரிப்பது), தொடை இரண்டுக்கும் அடியில் மடித்த சமுக்காளம் கட்டாயம். தொடை தொங்கிக் கிடந்தால் அடிவயிறு இறுகும். கடைசியில் யோக நித்திரை (படுத்தபடி உடம்பின் ஒவ்வொரு இடமாகக் கவனித்துத் தளர்வது) 15 நிமிடம். அதில் "வயிற்றைக் கவனி" என்று சொல்லி நிறுத்திவிடாதீர்கள். வலி இருக்கிற இடத்திலேயே பிள்ளையைத் தங்க வைத்தால் வலி பெரிதாகும். உள்ளங்கை, பாதம், நெற்றி என்று தூரமான இடங்களில் சுற்றி வாருங்கள், வயிற்றைப் பெயர் சொல்லித் தாண்டிப் போங்கள்.

ஆசனவாயைச் சுருக்கும் பயிற்சிகளான மூல பந்தம், அஸ்வினி முத்திரை பற்றி: "அடக்குகிற சக்தி வரும்" என்று சிலர் இந்த நோய்க்காரர்களுக்கு அதைத்தான் முதலில் சொல்லித் தருகிறார்கள். ஆனால் எப்போது வெளிக்கு வருமோ என்ற பயத்தில் இந்தப் பிள்ளைகள் பலர் பகல் முழுக்க ஆசனவாயைச் சுருக்கியே வைத்திருக்கிறார்கள். தளர்த்தத் தெரியாத தசைக்குச் சுருக்கப் பயிற்சி கொடுத்தால் முழுசாகப் போகாத உணர்வும் முக்கலும் கூடும். மேலே சொன்ன மூச்சில், உள்ளிழுக்கும்போது இடுப்புத் தளம் கீழே இறங்குவதை உணரச் சொல்லிக் கொடுங்கள், அது போதும். சுருக்கும் பயிற்சி தேவையா என்பதைப் பிசியோதெரபிஸ்ட் பார்த்து முடிவு செய்யட்டும்.

---

இயன்முறை_தக்கலை:

டீச்சர், ஸ்டீராய்டு கேள்விக்கு நான் பதில் எழுதுகிறேன்.

பிரட்னிசொலோன் நீண்ட நாள் போனால் எலும்பு மெலியும், தொடை இடுப்புத் தசை இளகும். அழற்சியே எலும்பைத் தேய்க்கும், சாப்பாடு சரியாகச் சேராததால் வைட்டமின் டியும் கால்சியமும் குறையும். மூன்றும் சேர்ந்து 15 வயதுப் பிள்ளைக்கு முதுகெலும்பில் அமுக்க முறிவுகூட வரலாம். ஆகவே சிரசாசனம், சர்வாங்காசனம், ஹலாசனம் கிடையாது. குனிந்து முன்னால் மடங்கும் எதையும் முதுகை வளைத்துச் செய்ய வேண்டாம், இடுப்பிலிருந்து மடங்கி, முதுகு நேராக, கை ஒரு மேசை மேல் ஊன்றி நிறுத்தட்டும். புதிதாக நடுமுதுகில் ஓர் இடத்தில் குத்துவலி வந்தால் தடவவும் வேண்டாம், நீட்டவும் வேண்டாம், எக்ஸ்ரே எடுக்கட்டும்.

தசை பலவீனத்தைக் கண்டுபிடிக்க வழி எளிது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து 5 முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். மூன்றாவது முறையே தொடை நடுங்கினால் உத்கடாசனமும் வீரபத்ராசனமும் சுவரைப் பிடித்துக்கொண்டு, 10 நொடி, 3 முறை. தொடை இடுக்கில் வலி, அதிலும் காலை ஊன்றும்போது கூடுகிற வலி, ஸ்டீராய்டு சாப்பிட்ட பிள்ளைக்கு வந்தால் சாதாரணமாக விடக்கூடாது. இடுப்பு மூட்டில் தொடை எலும்பின் தலைக்கு ரத்த ஓட்டம் குறைகிற நோய் அப்படித்தான் தொடங்கும். பத்த கோணாசனத்தில் இடுக்கை நீட்டி "சரியாகிவிடும்" என்று பார்த்துக் காத்திருக்க வேண்டாம்.

ஆனால் ஒரு மாற்றுக் கருத்து உண்டு. வடசேரி சார் சொன்னது நோய் கிளம்பிய நேரத்துக்கு முழுக்கச் சரி. நோய் அடங்கிய மாதங்களிலும் இந்தப் பிள்ளைகளைப் படுக்க வைத்தே மூச்சு விடச் சொல்லிக்கொண்டிருந்தால் நாம் அவர்களுக்குக் கெடுதல் செய்கிறோம். எலும்பு உறுதிப்பட எடை தாங்க வேண்டும். பயந்து பயந்து எல்லாவற்றையும் விலக்கிவிட்டால் பிள்ளையும் தன்னை நோயாளியாகவே நினைக்க ஆரம்பித்துவிடும். அடங்கிய நிலையில் உள்ள பெண்ணுக்கு நின்று செய்யும் ஆசனங்கள்தான் முதன்மையாக இருக்க வேண்டும்: தாடாசனம், விருட்சாசனம், வீரபத்ராசனம் 1ம் 2ம், திரிகோணாசனம். படுத்துச் செய்வதில் சேது பந்தாசனம். சூரிய நமஸ்காரமும் எடுக்கலாம், வேகமாக வேண்டாம். ஒரு சுற்றுக்கு ஒன்றரை நிமிடம், 3 சுற்றில் தொடங்கி வாரம் ஒரு சுற்று கூட்டி 6ல் நிறுத்துங்கள். அஷ்டாங்க நமஸ்காரமும் புஜங்காசனமும் வரும் இடத்தில் குப்புறப் படுக்க வேண்டியிருப்பதால் பையனுக்கு அதற்குப் பதிலாக நாற்காலியைப் பிடித்துச் செய்யும் முறை. எடை குறைந்துகொண்டே போகிற வாரங்களில் சுற்றைக் கூட்ட வேண்டாம், பிள்ளை சாப்பிடுவது வளர்ச்சிக்கே பற்றாது.

மூட்டு: க்ரோன்ஸிலும் கொலைட்டிஸிலும் முழங்கால், கணுக்கால் வீங்குவது உண்டு. வீங்கிய முழங்காலோடு வஜ்ராசனம், பத்மாசனம் கிடையாது, நாற்காலியில் உட்காரட்டும். காலையில் எழுந்ததும் இடுப்பு அரை மணி நேரத்துக்கு மேல் இறுகியிருந்து, நடந்தால் தளர்கிறது என்று பிள்ளை சொன்னால் அதை டாக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். குடல் நோயோடு சேர்ந்து வருகிற முதுகெலும்பு மூட்டு அழற்சியாக இருக்கலாம், அதற்கு மருந்தே மாறும்.

---

பாய்விரிப்பு:

ரொம்ப நன்றி, மூவருக்கும். சிஸ்டர், ரெண்டு விஷயம். பெண்ணின் பாட்டி, வயிறு பிடிக்கும்போது "குடலேத்தம்"னு சொல்லி ஊரில் ஒருவரிடம் எண்ணெய் போட்டுத் தடவக் கூட்டிப் போகிறாராம். பையனுக்கு முழங்கால் வலிக்கும்போது மெடிக்கல் கடையில் கேட்டு வலி மாத்திரை வாங்கிப் போடுகிறார்கள். இதெல்லாம் என் எல்லைக்கு வெளியே என்று விட்டுவிடுவதா?

வடசேரி சார், ஜூன் 21 யோகா தினத்துக்குப் பள்ளியில் ஆசனக் காட்சி உண்டு. பையன் நன்றாகச் செய்கிறவன், அவனைச் சேர்க்கச் சொல்லி பி.டி. மாஸ்டர் கேட்கிறார்.

---

சிஸ்டர்_நாகர்கோவில்:

விட வேண்டாம் டீச்சர். பிள்ளையை வாரம் நாலு நாள் பார்க்கிறவர் நீங்கள்தான், டாக்டர் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் பார்க்கிறார்.

வயிறு தடவுவது: நம்ம ஊரில் வர்ம ஆசான்மாரும் தடவுகிறவர்களும் தலைமுறையாக இருக்கிறார்கள், சுளுக்குக்கும் பிடிப்புக்கும் மக்கள் அவர்களைத்தான் நம்புகிறார்கள். பாட்டியிடம் "அவங்க வைத்தியம் பொய்"னு ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். "உள்ளே புண் இருக்கு அம்மச்சி, புண் மேல யாராவது அழுத்தித் தடவுவாங்களா?" என்று கேளுங்கள். அழற்சியில் குடல் சுவர் வீங்கிப் புண்ணாகியிருக்கும், ஆழமாக அழுத்தினால் வலி கூடும், ரத்தம் கூடும். நோய் கடுமையாக இருக்கும் நேரத்தில் ஓட்டை விழுகிற ஆபத்தும் உண்டு. வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி 10 நிமிடம் அடிவயிற்றில் வைக்கலாம். பாட்டிக்கு ஒரு வேலையும் கிடைக்கும்.

வலி மாத்திரை: ஐபூப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் போன்றவை குடல் நோயைக் கிளப்பிவிடக் கூடியவை. காய்ச்சலுக்கும் வலிக்கும் பாராசிட்டமால், எடைக்கேற்ற அளவில், டாக்டர் சொன்னபடி. கடையில் "மூட்டு வலிக்கு" என்று கேட்டால் பெரும்பாலும் முதல் வகையைத்தான் தருவார்கள். வீட்டில் உள்ளவர்கள் அட்டையின் பின்பக்கம் உள்ள பெயரைப் படித்து வாங்க வேண்டும்.

நீங்கள் கேட்காத சில. ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைச் சதை தொட்டால் வலிக்கிறது என்றால் தடவவும் நீட்டவும் கூடாது, அன்றே ஆஸ்பத்திரி. நோய் கிளம்பிய நேரத்தில் இவர்களுக்கு ரத்தம் உறையும் வாய்ப்பு அதிகம். கண் சிவந்து வெளிச்சம் பார்க்க முடியாமல் வலித்தால் அதையும் கண்ணோய் என்று விட வேண்டாம். பையனுக்கு வயிறு உப்பி, வாந்தி வந்து, காற்றும் பிரியவில்லை என்றால் சுருக்கத்தில் அடைத்திருக்கிறது. ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜோ பக்கத்தில் உள்ள ஆஸ்பத்திரியோ, முதலில் எது கிட்டுமோ அங்கே போக வேண்டும். திருவனந்தபுரத்துக்கு வண்டி பிடிக்கக் காத்திருக்கக் கூடாது.

ரத்தசோகை இருவருக்குமே இருக்கும் வாய்ப்பு உண்டு. கடைசியாகப் பார்த்த ஹீமோகுளோபினைக் கேளுங்கள். குறைவாக இருந்தால் படுத்திருந்து எழும்போது முதலில் ஒருக்களிக்க, பிறகு உட்கார, ஒரு நிமிடம் கழித்து நிற்க. தலை கீழே தொங்கும் நிலைகள் கிடையாது.

அசாதயோப்ரின் சாப்பிடுகிறவர்களுக்கு வெயில் ஆகாது, தோல் எளிதில் பாதிக்கும். சூரியோதயம் பார்த்து கடற்கரையில் வகுப்பு எடுப்பது நம்ம மாவட்டத்தில் எல்லாருக்கும் ஆசை. 7 மணிக்கு முன்னே முடித்து, முழுக்கைச் சட்டையோடு என்றால் சரி. பாய் அவரவர் சொந்தப் பாய். நமக்கு ஜூனிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. ஈரத்தில் சுருட்டி வைத்த பாய் பூசணம் பிடிக்கும், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் அதில் முகம் வைத்துப் படுக்கக் கூடாது. வகுப்பில் யாருக்காவது அம்மை போட்டால் இந்த ரெண்டு வீட்டுக்கும் அன்றே சொல்லிவிடுங்கள், காத்திருக்காமல் டாக்டரிடம் பேச வேண்டும்.

---

வடசேரி_யோகசிகிச்சை:

யோகா தினக் காட்சியில் பையன் நிற்கட்டும், விலக்க வேண்டாம். மயூராசனம், சக்கராசனம் போன்ற கைதட்டல் வாங்கும் ஆசனங்களைக் கொடுக்காமல் நடராஜாசனம், விருட்சாசனம், கருடாசனம் கொடுங்கள். சமநிலை ஆசனம் பார்க்கவும் அழகு, வயிற்றுக்கும் பாதகமில்லை. ஒத்திகையைக் காலை உணவு முடிந்தவுடன் வைத்தால் அவன் பாதியில் ஓட வேண்டியிருக்கும். சாப்பிட்டதும் பெருங்குடல் அசையும், இவர்களுக்கு அந்த அசைவு பலமாக இருக்கும். முழுச் சாப்பாட்டுக்கும் பயிற்சிக்கும் இடையே குறைந்தது 2 மணி நேரம். நீங்கள் வைத்திருக்கிற 5.30 மணி நல்ல நேரம்தான், பள்ளி விட்டு வந்ததும் சின்னதாக ஏதாவது சாப்பிட்டு ஒருமுறை கழிப்பறை போய்விட்டு வர நேரம் கிடைக்கும்.

இடம் அமைப்பதில் ஒரு காரியம் செய்யுங்கள். இந்த ரெண்டு பாயும் கழிப்பறைக்குப் போகும் வாசல் பக்கம், கடைசி வரிசையில். கேட்காமலே எழுந்து போகலாம் என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாக ஒரே விதி வையுங்கள். கையைத் தூக்கி அனுமதி கேட்டு, எல்லாரும் திரும்பிப் பார்க்க எழுந்து போவதைவிட இந்த வயதில் பெரிய தண்டனை இல்லை. கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, கொண்டி விழுகிறதா என்று வகுப்புக்கு முன்னே நீங்களே போய்ப் பாருங்கள். அது உறுதியானாலே பிள்ளையின் மூச்சு பாதி சீராகிவிடும்.

தக்கலை சார் சொன்ன மாற்றுக் கருத்தை ஏற்கிறேன். அடங்கிய நிலையில் 20 நிமிடம் நின்று செய்வது, 10 நிமிடம் தரையில், 10 நிமிடம் மூச்சு, 15 நிமிடம் யோக நித்திரை என்று ஒரு மணி நேரத்தில் 55 நிமிடத்தைப் பிரிக்கலாம். நாடிசுத்தி (மூக்குத் துளைகளை மாற்றி மாற்றி மூச்சு விடுவது) எடுக்கலாம், மூச்சைப் பிடித்து நிறுத்தும் கும்பகம் இல்லாமல். வண்டு மாதிரி ரீங்கரிக்கும் பிரமரி மூச்சு 7 சுற்று நல்லது, பரீட்சை நேரத்தில் தனியாக வீட்டிலும் செய்துகொள்ளலாம். இன்ஃப்ளிக்ஸிமாப் ஏற்றிவிட்டு வந்த அன்று பஸ் பயணமும் சேர்ந்து அலுத்திருப்பான், அன்று நித்திரை மட்டும்.

---

குளச்சல்_வாசகி:

நடுவில் கேட்பதற்கு மன்னிக்கணும். அறுவை சிகிச்சை ஆகி வயிற்றில் மலம் சேரும் பை வைத்திருக்கிற 17 வயதுப் பெண்ணுக்கு இதில் எதுவெல்லாம் பொருந்தும்? ஆசனவாய் பக்கத்தில் புரையோடி, சீழ் வடிய நூல் போட்டிருப்பவர்களுக்கு?

---

இயன்முறை_தக்கலை:

பை வைத்தவர்களுக்கு: அறுவை சிகிச்சை செய்த டாக்டர் அனுமதிக்கும் வரை மூச்சும் நடையும் மட்டும், பொதுவாக 6 முதல் 12 வாரம். குடல் வெளியே வரும் இடத்தைச் சுற்றித் தசை பலவீனம், அவசரப்பட்டால் அங்கே குடலிறக்கம் வரும். படுத்த நிலையிலிருந்து தலையைத் தூக்கி எழுவதே அதற்கு ஒரு சுமை, ஆகவே எப்போதும் ஒருக்களித்து, கையை ஊன்றி எழ வேண்டும். குப்புறப் படுப்பதும், நௌகாசனம் போன்ற வயிற்றை இறுக்கும் ஆசனங்களும் கிடையாது. இருமல் வந்தால் கையால் அந்த இடத்தைத் தாங்கிக்கொள்ள வேண்டும். பை மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதும் காலி செய்கிறவர்கள் வகுப்புக்கு முன்னே கட்டாயம் ஒருமுறை காலி செய்யட்டும். சுடிதாரின் நாடா பை மேல் விழாமல், இடுப்பில் உயரமாகக் கட்டும் எலாஸ்டிக் பேன்ட் வசதி. சிறுகுடலிலிருந்து வரும் பை என்றால் உப்பும் நீரும் நிறைய வெளியேறும். வியர்க்கும் வகுப்புக்குப் பிறகு வெறும் தண்ணீரை நிறையக் குடிப்பது உதவாது, உப்பு போட்ட கஞ்சித்தண்ணியோ, ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டோ வேண்டும்.

நூல் போட்டவர்கள் தரையில் சம்மணமிட்டு உட்கார வேண்டாம், மாலாசனம் வேண்டாம், பத்த கோணாசனமும் வேண்டாம். நிற்பதும் ஒருக்களித்துப் படுப்பதும்தான். மூச்சுப் பயிற்சியைப் பக்கவாட்டில் படுத்தே செய்யலாம். சீழும் காய்ச்சலும் இருந்தால் வகுப்பே கிடையாது.

---

சிஸ்டர்_நாகர்கோவில்:

பலனை எதை வைத்துப் பார்ப்பது என்ற கேள்விக்கு இன்னும் யாரும் பதில் எழுதவில்லை. ஒரு 40 பக்க நோட்டு போதும். வாரம் ஒருநாள், ஞாயிறு ராத்திரி, பிள்ளை தானே எழுதட்டும்: அந்த வாரம் எத்தனை ராத்திரி முழுத் தூக்கம், வலி 0 முதல் 10 வரை எவ்வளவு, எத்தனை நாள் பள்ளிக்குப் போகவில்லை, எத்தனை வேளை மருந்து விட்டுப்போனது, எத்தனை நாள் மூச்சுப் பயிற்சி செய்தது. கடைசிப் பக்கத்தில் எடை, மாதம் ஒருமுறை. 12 வாரம் பார்த்துவிட்டுப் பேசுங்கள், நாலு வாரத்தில் முடிவு கட்ட வேண்டாம்.

அழற்சியைக் காட்ட மலத்தில் பார்க்கும் கால்ப்ரொடெக்டின் என்ற புரதத்தின் அளவை இந்த நோட்டில் சேர்க்க வேண்டாம். அது டாக்டருக்கு உரியது, ஒரு கிராமுக்கு 250 மைக்ரோகிராமுக்கு மேலே போனால் உள்ளே அழற்சி ஓடுகிறது என்று எடுத்துக்கொள்வார். யோகா தொடங்கிய மாதத்தில் அது இறங்கினால் வீட்டில் யோகாவுக்குப் பேர் போகும், மருந்தைக் குறைக்கத் தோன்றும். ஏறினால் பிள்ளை ஒழுங்காகச் செய்யவில்லை என்று திட்டு விழும். ரெண்டும் அநியாயம்.

ஒரு நிலைமையில் மட்டும் நோட்டும் ரிப்போர்ட்டும் சேர்ந்து பேசும். கால்ப்ரொடெக்டின் இயல்பாக இருக்கிறது, எண்டோஸ்கோப்பியில் புண் ஆறியிருக்கிறது, ஆனாலும் பிள்ளைக்கு வயிறு வலிக்கிறது. அப்படியும் நடக்கும். நரம்புகள் பழைய வலிக்குப் பழகிப்போய், சின்ன அசைவையும் வலியாக எடுத்துக்கொள்ளும். வீட்டில் "ரிப்போர்ட் நல்லா இருக்கு, நடிக்காதே" என்பார்கள். அந்த வலி பொய்யல்ல. மருந்தைக் கூட்டினால் போகாது, வடசேரி சார் சொன்ன நீண்ட மூச்சும் நித்திரையும் நன்றாக வேலை செய்யும் இடம் அதுதான். டாக்டரிடம் கேட்டு மனநல ஆலோசனையையும் சேர்த்துக்கொள்ளலாம்.

---

பாய்விரிப்பு:

ரொம்ப உபகாரம். நாளைக்கே ரெண்டு வீட்டிலும் பேசுகிறேன். பெண்ணின் அம்மாவிடம் பேசும்போது ஸ்டீராய்டு குறைக்கிற அட்டவணையைக் காட்டச் சொல்லி, அதில் உள்ள தேதிகளை வகுப்புக் குறிப்பில் ஏற்றிக்கொள்ளலாமா?

---

சிஸ்டர்_நாகர்கோவில்:

கட்டாயம். ஒவ்வொரு முறை அளவு குறையும்போதும் அடுத்த 10, 15 நாள் கவனமாக இருங்கள். அடங்கியிருந்தது திரும்பக் கிளம்புவது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான். அந்த நாட்களில் சூரிய நமஸ்காரச் சுற்றைக் கூட்டாமல் அப்படியே வைத்திருங்கள், ராத்திரி எழுந்ததா என்ற கேள்வியை ஒருநாளும் விட வேண்டாம். அட்டவணையை போட்டோ எடுத்து வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடாதீர்கள், தனியாக எழுதி வையுங்கள்.